மேப்பில் பழைய தேதிக்குப் போவது: ஒரு ஏரிக்காக ஐந்து தளங்களை உருட்டிப் பார்த்ததில்

ஆற்காட்டில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள், மனு டைப் அடிக்க வருகிறவர்கள், இவர்களை வைத்துத்தான் கடை ஓடுகிறது. போன ஐப்பசியில் எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருவர் (சொந்தம் கிடையாது, ஊர் முறையில் பெரியப்பா) வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நைனா, 2021ல தீபத்தன்னிக்கி நம்ம ஏரி ரொம்பி கோடி போச்சு. தண்ணி எது வரைக்கும் நின்னுதுன்னு மேல இருந்து எடுத்த போட்டோ கிடைக்குமாமே, அத்த எடுத்துக் குடு. திங்கக்கிழம மனுவோட வெக்கணும்" என்றார். (கோடி போவது என்றால் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிவது.) ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உள்பக்கத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வரப்பு போட்டுக்கொண்டே வருகிறார்கள், அதுதான் விஷயம். ஐந்து நிமிட வேலை என்று நினைத்து "சாயங்காலம் வாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் நான் மல்லுக்கட்டியது மேப்போடு இல்லை, மேப்பின் அடியிலோ மேலேயோ நீளமாக ஒரு பட்டை இருக்குமே, தேதியை இப்படியும் அப்படியும் இழுப்பதற்கு, அதோடுதான். இடத்தைத் தேடுவது இன்றைக்கு எல்லாருக்கும் கைவந்துவிட்டது, இரண்டு விரலால் பெரிதாக்கி, தள்ளி, குழந்தைகூடச் செய்கிறது. தேதியைத் தேடுவது அப்படி இல்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி, அதில் சிலது நம்மை ஏமாற்றவே செய்கிறது. அதனால் நான் புழங்கிய ஐந்தைப் பற்றி எழுதி வைக்கிறேன். எல்லாமே இலவசம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எல்லாரும் போகிற இடம் கூகுள் எர்த் ப்ரோ. 2015 முதல் காசு இல்லாமல் கிடைக்கிறது, லேப்டாப்பில் இறக்கிக்கொள்ள வேண்டும். மேலே கடிகாரப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் தேதிப் பட்டை வரும். இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்: படம் இருக்கிற தேதியில் மட்டும் பட்டையில் சின்னக் கோடு நிற்கும். ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் நாள் நாளாக நகராமல் நேராக அடுத்த படத்துக்குத் தாவும். இது பெரிய விஷயம், ஏன் என்று பின்னால் வருகிறேன். கீழே படம் எடுத்த தேதியும் இருக்கும். ஆனால் ஒன்று, மேப் என்பது பல படங்களை ஒட்டுப் போட்டது என்பதால், ஏரிக்கரையில் மவுசை வைத்தால் ஒரு தேதியும் நாலு மைல் தள்ளி வைத்தால் வேறு தேதியும் காட்டும். பட்டையில் இருக்கும் தேதியை மட்டும் நம்பி பிரிண்ட் எடுத்தால் தொலைந்தோம்.

படத்தின் துல்லியம் பிரமாதம். வரப்பு தெரிகிறது, மதகு தெரிகிறது, பம்புசெட் கொட்டகை தெரிகிறது. ஆனால் தண்ணீர் தெரியவில்லை! எத்தனை கோடு இருந்தாலும் முக்கால்வாசி மாசி, பங்குனி, சித்திரை மாதப் படம்தான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், காசு செலவழித்துப் படம் எடுப்பவன் மேகம் இல்லாத நாளைத்தான் தேர்ந்தெடுப்பான், நம் ஏரி நிரம்புவதோ மேகம் மூடிய ஐப்பசி, கார்த்திகையில். நமக்கு வேண்டிய நாளும் அவனுக்கு வேண்டிய நாளும் ஒத்தே வராது. அந்தப் படங்களை மட்டும் பார்க்கிறவனுக்கு வட ஆற்காட்டில் இருக்கும் அத்தனை ஏரியும் வருஷம் பூரா காய்ந்து கிடப்பதாகத்தான் தோன்றும். ஆக்கிரமிப்பு செய்கிறவன் தரப்பு வக்கீல் இதைப் பிரிண்ட் எடுத்து வைத்தால் பெரியப்பா கதி என்ன?

அடுத்தது கூகுள் எர்த்திலேயே இருக்கும் டைம்லேப்ஸ். 1984 முதல் வருஷத்துக்கு ஒரு காட்சி, சினிமா மாதிரி ஓடும். 2021இல் இதை முப்பரிமாண எர்த்துக்குள் கொண்டுவந்தபோது 2 கோடியே 40 லட்சம் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்துச் செய்தது என்று கூகுள் சொன்னது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கமும் காட்பாடி பக்கமும் ஓடவிட்டுப் பாருங்கள், வயல்கள் கட்டடமாக மாறுவது கண் முன்னால் நடக்கும், கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஏரிக்கு இது உதவாது. ஒரு வருஷத்துப் படங்களை எல்லாம் சேர்த்து மேகத்தைக் கழித்துவிட்டு ஒரே படமாக வடிகட்டுகிறார்கள். வருஷத்தில் மூன்று மாதம் தண்ணீரும் ஒன்பது மாதம் பொட்டலுமாக இருக்கும் நம் ஏரி அந்த வடிகட்டலில் என்னவாக வரும்? தண்ணீரும் இல்லாத மண்ணும் இல்லாத ஒரு சாம்பல் பச்சை. அந்தப் பச்சையிலும் பாதி வேலிக்காத்தான். வருஷத்தைக் காட்டும் பட்டை அது, நாளைக் காட்டும் பட்டை இல்லை, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. நாம்தான் அதில் நாளைத் தேடக் கூடாது.

மூன்றாவது, மேப் மென்பொருள் செய்யும் எஸ்ரி நிறுவனத்தின் வேபேக். இது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். அவர்கள் தங்கள் உலகப் படத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழையதைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள், 2014 பிப்ரவரியிலிருந்து. இதில் இழுக்கும் பட்டை பிரதானம் இல்லை, இடது பக்கம் தேதிகளின் நீண்ட பட்டியல். பார்த்ததும் எனக்குக் குஷி, ஆகா இத்தனை தேதியா என்று. அங்கேதான் பொறி. அந்தத் தேதி படம் எடுத்த தேதி இல்லை, படத்தை வெளியிட்ட தேதி. 2021 டிசம்பர் என்று போட்டிருக்கும் பதிப்பில் உங்கள் ஊருக்கு இருப்பது அதற்கு ஒரு வருஷம் இரண்டு வருஷம் முன்னால் எடுத்த படமாக இருக்கலாம். பேப்பர் இன்றைக்கு வந்தது என்பதற்காக அதில் வந்த சேதி இன்றைக்கு நடந்ததாகிவிடுமா?

ஆனால் இந்தப் பொறிக்கு மாற்றும் அவர்களே வைத்திருக்கிறார்கள். மேப்பில் நமக்கு வேண்டிய இடத்தைக் கிளிக் செய்தால் சின்னப் பெட்டி திறந்து, இந்த இடத்தின் படம் எடுக்கப்பட்ட நாள், கொடுத்த நிறுவனம், துல்லியம் எல்லாம் சொல்லும். அதோடு பட்டியலுக்கு மேலே ஒரு டிக் இருக்கிறது: நீங்கள் பார்க்கும் இந்த இடத்தில் மாற்றம் இருக்கிற பதிப்புகளை மட்டும் காட்டு என்று. அதைப் போட்டவுடன் நூற்றுக்கும் மேல் இருந்த பட்டியல் சுருங்கிக் கைக்கு அடக்கமாகிவிடும். எனக்கு இந்த ஒரு டிக்குக்காகவே வேபேக்கைப் பிடித்துப்போய்விட்டது. இரண்டு தேதியை வைத்து நடுவில் திரை மாதிரி இழுத்து ஒப்பிடுவதும் இருக்கிறது. உள்வாயில் வரப்பு எந்த இரண்டு படங்களுக்கு நடுவில் முளைத்தது என்பதை இதில்தான் பிடித்தேன். தண்ணீர் கிடைக்கவில்லை, வரப்பு கிடைத்தது. பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு கோப்பர்நிகஸ் பிரவுசர். ஐரோப்பியக்காரர்களுடையது. சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள்கள், 2015இல் ஒன்றும் 2017இல் இரண்டாவதும் போனது, 2021இல் இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தன, காலை பத்தரை வாக்கில். தேதியைத் தட்டினால் பட்டை இல்லை, காலண்டர் திறக்கிறது. படம் இருக்கிற நாட்களுக்கு மட்டும் தனி அடையாளம் இருக்கும். முகூர்த்த நாளைக் குறித்த தினசரி காலண்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாளில் போனால் விஷயம் உண்டு, எந்த நாளில் போவது வீண் என்று பார்த்தவுடன் தெரியும். இழுக்கும் பட்டையைவிட இது எனக்கு எத்தனையோ சௌகரியம். பட்டையில் ஒரு மில்லிமீட்டர் விரல் நகர்ந்தால் மூன்று மாதம் போய்விடும், காலண்டரில் அந்தத் தொல்லை இல்லை.

மேக அளவுக்கு ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள், இத்தனை சதவீதத்துக்கு மேல் மேகம் இருந்தால் காட்டாதே என்று. புத்திசாலித்தனமாக 20 வைத்தேன், 2021 நவம்பர் காலண்டரில் எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அன்றைக்கு முழுக்க இந்தக் காலத்துக்குப் படமே இல்லை என்று நினைத்துப் பெரியப்பாவிடம் சொல்லியும் விட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மானத்துல அவ்ளோ பெரிய மிஷினு சுத்துது, ஒரு நாளுகூடவா பாக்கல?" அவர் சொன்னதுதான் சரி. அந்த சதவீதம் நம் ஏரிக்கு உரியது இல்லை, நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர் சதுரத் துண்டு முழுக்கக் கணக்குப் பண்ணியது. ஜவ்வாது மலைப் பக்கம் பூரா மேகம் கவிந்து நம் ஏரி மேல் மட்டும் ஓட்டை விழுந்திருந்தாலும் 80 சதவீதம் என்று சொல்லித் தள்ளிவிடும். வடிகட்டியை 100இல் வைத்துவிட்டு ஒவ்வொரு நாளாகத் தட்டினேன். அந்தக் கார்த்திகை முடிவதற்குள் ஒரு நாள் கிடைத்தது, ஏரி மேல் மேகம் இல்லை, கரையிலிருந்து உள்வாய் வரைக்கும் தண்ணீர், இன்றைக்கு வரப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர். கடையில் தனியாகவே கத்திவிட்டேன்.

மேக வடிகட்டி நான் பார்த்துக்கொண்டிருக்கும் திரைக்குள் இருக்கும் மேகத்தை மட்டும் கணக்கெடுக்க வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை என்று நினைக்கிறேன். வேபேக்காரர்கள் மாற்றத்துக்குச் செய்திருப்பதைத்தான் மேகத்துக்குக் கேட்கிறேன்.

மேகமே விலகாத வாரம் என்றால் அதே தளத்தில் சென்டினல்-1 இருக்கிறது. அது ரேடார், மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், இரவிலும் பார்க்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி சமமாக இருப்பதால் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்க விட்டுவிடும், அதனால் ஏரி கறுப்பாகத் தெரியும். படிக்காதவருக்குக் காட்டினால் புரியாது, பக்கத்தில் வெளிச்சப் படத்தையும் வைத்துத்தான் விளக்க வேண்டும். ஒரே பட்டையில் இரண்டு செயற்கைக்கோளின் நாட்களையும் இரண்டு நிறத்தில் குறித்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும், இப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போய்த் தேதியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது நாசாவின் வேர்ல்ட்வியூ. நேரத்தைக் கையாளும் விதத்துக்கு மட்டும் மார்க் போடுவதானால் இதற்குத்தான் முதலிடம். கீழே நீளமான காலப்பட்டை. வருஷம், மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனியாக மேலும் கீழும் அம்பு. இடம் வலமாக நகர இன்னும் இரண்டு அம்பு, ஒரு அழுத்துக்கு அவை எவ்வளவு நீளமாக எட்டு வைக்க வேண்டும் என்பதை நாமே சொல்லலாம்: ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருஷம், இல்லாவிட்டால் நம் இஷ்டத்துக்கு. எட்டை ஒரு வருஷம் என்று வைத்து நவம்பர் கடைசியில் நின்று அம்பை அழுத்தினால் 2015, 2016, 2017 என்று கார்த்திகைக்குக் கார்த்திகை தாவுகிறது. விவசாயம் தெரிந்த யாரும் காலத்தை இப்படித்தான் பார்ப்பார்கள். இந்த நவரைப் பட்டம் நெல் எப்படி, போன நவரை எப்படி, அடுத்த சொர்ணவாரிப் பட்டத்துக்குத் தண்ணீர் மிஞ்சியதா என்று. ஜனவரியிலிருந்து டிசம்பருக்கு நேர்க்கோட்டில் ஓடும் பட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த வருஷத் தாவல் எல்லாத் தளத்திலும் இருந்தே ஆக வேண்டும். (பெரியப்பாவுக்கு இதுவும் போதவில்லை. தீபத்துக்குத் தீபம் தாவ வேண்டுமாம். 2021இல் நவம்பர் 19, 2022இல் டிசம்பர் 6, 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13. நாசாக்காரனுக்குப் பஞ்சாங்கம் அனுப்பி வைக்கலாம் என்றேன்.)

இன்னொன்று, பட்டைக்கு மேலே ஒரு பிடியை இழுத்தால் நாம் மேப்பின் மேல் போட்டிருக்கும் ஒவ்வொரு படலத்துக்கும் (லேயர்) எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தரவு உண்டு என்பது கோடு கோடாகத் தெரியும். இல்லாத இடம் காலியாகவே இருக்கும். எனக்கு எல்லாப் பட்டையிலும் வேண்டியது இதுதான், இந்தக் கட்டுரையில் நான் வேறு எதையும் சொல்லாமல் இதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம்: எங்கே ஒன்றும் இல்லை என்பதைக் காட்டு. வழுவழுவென்று ஒரே மாதிரி இருக்கும் பட்டை எல்லா நாளுக்கும் படம் இருப்பதாக ஒரு நினைப்பை உண்டாக்குகிறது. இழுத்துவிட்ட இடத்தில் படம் இல்லை என்றால் சில தளங்கள் சத்தம் இல்லாமல் பக்கத்துத் தேதிப் படத்தைப் போட்டுவிடும், மேலே தேதி மட்டும் நாம் கேட்டது. கடையில் 500 கிராம் கேட்டால் 400 கிராம் கட்டிவிட்டு அரைக் கிலோ என்று எழுதித் தருவது மாதிரி.

லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் சேர்ந்தே போகிறது, எதிராளி திறந்தால் அதே நாள், அதே இடம். இதுவும் வேர்ல்ட்வியூவில் ஒழுங்காக இருக்கிறது. ப்ளே பட்டன் உண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஓடுவதைச் சின்ன அசையும் படமாக இறக்கிக்கொள்ளலாம். ப்ளே பட்டனைப் பற்றிப் பொதுவாக எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, இந்தத் தளத்தைச் சொல்லவில்லை: படம் வந்து சேரும் முன்பே தேதி ஓடத் தொடங்கிவிடும், நம் ஊர் நெட் வேகத்தில் தேதி நவம்பர் 25க்குப் போன பிறகு 19ஆம் தேதித் துண்டு வந்து ஒட்டும், பாதித் திரை ஒரு நாள் பாதித் திரை வேறு நாள். எல்லாம் இறங்கியபின் ஓட்டினால் என்ன, அதுவரை காத்திருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் என்ன, நாங்கள் என்ன ரயிலுக்கா நிற்கிறோம்?

வேர்ல்ட்வியூவின் குறை பட்டையில் இல்லை, படத்தில். அதில் தினமும் கிடைக்கும், மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி எடுக்கும் படம் ஒரு புள்ளிக்கு 250 மீட்டர். நூறு ஏக்கர் ஏரி என்றால் ஆறு, ஏழு புள்ளிதான் வரும். அதே ஏரி லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் 30 மீட்டரில் சுமார் 450 புள்ளி, சென்டினல்-2இன் 10 மீட்டரில் 4000 புள்ளி. அதனால் காவேரிப்பாக்கம் ஏரி மாதிரிப் பெரியதை ஏதோ கறை மாதிரி அடையாளம் காணலாம், எங்கள் ஊர் ஏரியை முடியாது. 2021 நவம்பர் 19ஐ வைத்தேன். அன்று விடியற்காலைதான் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பாலாற்றில் தலைமுறைக்கு ஒரு முறை வரும் வெள்ளம், பொன்னையாற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள அணைக்கட்டில் லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று, பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் விழுந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அந்த நாளின் படத்தில் நம் மாவட்டமே தெரியவில்லை, வெள்ளை வேட்டியைப் போர்த்தியது மாதிரி மேகம். பெரியப்பா வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கி கீழ இருந்து பாத்தாலும் இப்பிடித்தான் நைனா இருந்துச்சு."

இனி ஒரு கசப்பு. இது அந்த ஐந்தில் இல்லை, போனில் இருக்கும் ஒரு மழை மேப் ஆப், பேர் வேண்டாம். குடியாத்தம் பக்கம் என் மச்சான் வேர்க்கடலை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தார். நான் பெரிய மேதாவி மாதிரி ஆப்பைப் பார்த்து, "மச்சான், ஆறு மணிக்கு மழை வரும், தார்ப்பாய் போட்டுடுங்க" என்று போன் பண்ணினேன். பட்டையில் 18:00 என்று இருந்த இடத்தில்தான் பச்சையும் மஞ்சளுமாக மழை வந்து நின்றது. போட்டார். ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று, வானத்தில் நட்சத்திரம். ஒன்பது மணிக்கு, உள்ளே புழுங்கிக் கடலை முளைகட்டிவிடும் என்று தார்ப்பாயை எடுத்துவிட்டார். பதினொன்றரைக்குக் கொட்டியது பாருங்கள். அந்த 18:00 நம் நேரம் இல்லை, யுடிசி என்கிற உலக நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், 18:00 என்றால் இரவு 11:30. மழை சொன்ன நேரத்துக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது, மச்சானிடம் திட்டு வாங்கியது நான். ஆப்பில் யுடிசி என்ற எழுத்து எங்கே இருந்தது என்றால், செட்டிங்ஸுக்குள் மூன்றாவது பக்கத்தில்.

போன் எந்த ஊரில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும், மேப்பில் நான் குடியாத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும் தெரியும், பிறகு நேரத்தை மட்டும் ஏன் லண்டனில் வைக்க வேண்டும்? யுடிசிதான் காட்டுவேன் என்றால் பட்டையிலேயே பக்கத்தில் எழுது. மணிக்கு மணி நகரும் பட்டைகளில் இன்னொரு வேடிக்கை, நமக்கு அரை மணி வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொரு எட்டும் 5:30, 6:30, 7:30 என்றுதான் விழும். அதே ஆப்பில் நடந்து முடிந்த மழையும் வரப்போவதாகக் கணித்த மழையும் ஒரே நிறத்தில் ஒரே பட்டையில் ஓடியது. நடுவில் இப்போது என்று ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கொஞ்சம் மங்கலாகக் காட்டினால் கணிப்பு எது, கண்டது எது என்று தெரிந்துபோகும்.

மழை என்றதும் இன்னொன்று. நம் வானிலை ஆய்வுத் துறை தரும் ஒரு நாள் மழைக் கணக்கு காலை 8:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30க்கு முடியும். 19ஆம் தேதி மழை என்று போட்டிருந்தால் 18 காலையிலிருந்து 19 காலைவரை பெய்தது. இதை எடுத்து ஒரு மேப்பில் 19 என்ற புள்ளியில் குத்திவிட்டால், அன்று சாயங்காலம் எடுத்த படத்தோடு ஒப்பிடுகிறவன் குழம்பித்தான் போவான். செயற்கைக்கோள் படம் ஒரு நொடிக்கு உரியது. மழைக் கணக்கு ஒரு நாள் முழுக்க நீண்டு கிடப்பது. ஏரி ஆக்கிரமிப்பு பல வருஷம் நீளுவது. இந்த மூன்றையும் ஒரே குண்டூசிப் பிடியால் இழுக்க வைத்தால் எப்படி? இரண்டு பிடி வேண்டும், இங்கிருந்து இதுவரை என்று. மேப்பில் போடும் குறிகளைச் சேமித்து வைக்கும் கே.எம்.எல். கோப்பில் ஒரு கணத்துக்கு ஒரு குறி, ஒரு காலநீட்சிக்கு வேறு குறி என்று எப்போதோ பிரித்து வைத்திருக்கிறார்கள், இன்ஜினியரிங் படிக்கிற அக்கா பையன்தான் காட்டினான். உள்ளே இருக்கும் அறிவு வெளியே பட்டைக்கு வந்து சேர்வதில்லை.

படம் பழசாகும்போது கூடவே பழசாகாத ஒன்று எல்லைக்கோடு. 2005ஆம் வருஷப் படத்துக்குப் போனாலும் மேலே ராணிப்பேட்டை மாவட்டம் என்று இன்றைய கோடு நிற்கும். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தது 2019 நவம்பரில். அதற்கு முன்னால் 1989இல் வட ஆற்காடே இரண்டாகி ஒன்று திருவண்ணாமலைக்குப் போயிற்று. 1911வரை சித்தூர்தான் நமக்குத் தலைநகர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் வேலூர் மாவட்டம் 39,36,331 பேர் என்று இருக்கிறதே, அது மூன்று மாவட்டமும் சேர்ந்தது. அதை இன்றைய வேலூர்க் கோட்டுக்குள் நிறம் பூசிக் காட்டும் மேப்பைப் பார்த்தவன், இன்றைய வேலூரின் கணக்கோடு ஒப்பிட்டு ஏதோ பாதிச் சனம் ஊரைவிட்டு ஓடிப்போனதாக நினைப்பான். தேதியை இழுத்தால் கோடும் நகர வேண்டும். ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் பிறந்த தேதி, செத்த தேதி போட முடியும், பட்டையை இழுத்தால் கோடும் மாறும். நம் பக்கத்துக்கு யாராவது உட்கார்ந்து வரைந்தால் நன்றாக இருக்கும், கடை மூடிய பிறகு எனக்கே ஆசைதான்.

போனில் இதையெல்லாம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, பார்க்காதீர்கள். பட்டையை விரல் மறைக்கும், விரல் எடுத்தால் தேதி நகரும், பட்டையை இழுத்தால் மேப்பும் சேர்ந்து நகரும். பட்டையோடு தேதியைத் தட்டி எழுத ஒரு பெட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியில் பெரியப்பாவுக்கு நான் கொடுத்தது ஏழு தாள். கோப்பர்நிகஸில் கிடைத்த 2021 கார்த்திகைப் படம், அதே வாரத்து ரேடார் படம், வேபேக்கில் வரப்பு இல்லாத படமும் வரப்பு வந்த படமும், கூகுள் எர்த் ப்ரோவில் மதகும் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலும் தெளிவாகத் தெரியும் ஒன்று, அப்புறம் ஏரியின் எல்லை போட்ட புல வரைபடம், எல்லாத் தாளையும் விளக்கி ஒரு பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்த தேதி எது, வெளியிட்ட தேதி எது என்று பிரித்து டைப் அடித்தேன். கலர் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. அவர் மனுவைக் கொடுத்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து என்னிடமே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.

போன வாரம் மறுபடி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். 1996லயும் ஏரி ரொம்பியது, அப்போது உள்வாய் இன்னும் மேலே இருந்தது, அதைக் காட்ட முடியுமா என்கிறார். அந்தக் காலத்துக்கு லேண்ட்சாட்-5தான் கதி, 16 நாளுக்கு ஒரு முறை வந்து போகும், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகி அகப்பட வேண்டும். எந்த மாதம் என்று ஞாபகம் இருக்கா பெரியப்பா என்று கேட்டேன். பெரிய பெண்ணுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து தொட்டில் கட்டின வாரம் என்றார். பேரனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.